அடுத்த அறைக்கும் கேட்க வேண்டும்: பழைய தொலைக்காட்சித் தொடர்களின் டைட்டில் இசை

மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக தக, தகிட தகிட தக தக. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் விரல் விழட்டும், மற்ற எழுத்துகள் மனத்துக்குள் ஓடட்டும். கொஞ்சம் வேகமாக. நாலு சுற்று முடிவதற்குள் எங்கோ ஒரு தீக்குச்சி உரசும், ஒரு திரி பற்றிக்கொண்டு ஓடத் தொடங்கும். 1966இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடரின் டைட்டில் இசை இது. அந்தத் தொடரை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்களுக்கும் இந்தத் தாளம் தெரியும்.

மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. கூட்டினால் பத்து, அதில் பாதி ஐந்து. நம் லயக் கணக்கில் இது கண்டம். மேற்கத்திய இசையில் 5/4 என்று எழுதுவார்கள். அன்றைய தொலைக்காட்சி இசை பெரும்பாலும் நாலு நாலாகவோ, வால்ட்ஸ் மாதிரி மூன்று மூன்றாகவோதான் நடக்கும். லாலோ ஷிஃப்ரின் ஏன் ஐந்துக்குப் போனார்? மனிதனுக்கு இரண்டு கால், ஐந்து கால் உள்ளவர்கள் ஆடுவதற்காக எழுதினேன் என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார். வேடிக்கைக்குள் விஷயம் இருக்கிறது. இரண்டு காலால் நடக்கிற உடம்பு இரட்டைப்படையில்தான் நிம்மதி கொள்ளும். ஐந்தில் கால் ஊன்ற இடம் கிடைக்காது. நின்றுவிட்டோம் என்று நினைக்கிறபோது அடுத்த சுற்று வந்து பிடித்துத் தள்ளும். வெடிக்கப்போகிற திரிக்கு இதைவிடப் பொருத்தமான தாளம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. தந்திக்கான மோர்ஸ் குறியீட்டில் ஆங்கில எம் எழுத்துக்கு இரண்டு கோடு, ஐ எழுத்துக்கு இரண்டு புள்ளி. நீளம், நீளம், குட்டை, குட்டை. தகிட, தகிட, தக, தக. தொடரின் பெயரிலுள்ள இரண்டு முதலெழுத்துகளும் தாளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

புவனஸ் ஐரிஸில் பிறந்து, பாரிஸில் ஒலிவியே மெசியானிடம் படித்து, டிஸ்ஸி கில்லஸ்பியின் ஜாஸ் குழுவில் பியானோ வாசித்தவர் ஷிஃப்ரின். இந்த மெட்டை அவர் டைட்டிலுக்கென்று எழுதவே இல்லை. கதைக்குள் வரும் ஒரு பரபரப்பான காட்சிக்காக எழுதியதைக் கேட்ட தயாரிப்பாளர் புரூஸ் கெல்லர், இதுதான் டைட்டில் என்று எடுத்து முன்னால் வைத்துவிட்டார். திரையில் தீக்குச்சியை உரசுகிற கையும் கெல்லருடையதுதான். 1996இல் இது திரைப்படமானபோது யு2 குழுவின் இரண்டு இசைக்கலைஞர்கள் ஆடுவதற்கு வசதியாகப் பெரும்பகுதியை நாலு அடிக்கு மாற்றினார்கள். அது பெரிய ஹிட். எனக்கு மட்டும் அதைக் கேட்கும்போது திரியில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருக்கும்.

சரி, முப்பது வினாடி, மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம் ஓடுகிற இந்தத் துண்டுகள் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கின்றன? கதை மறந்துபோகிறது, நடிகர்களின் பெயர் மறந்துபோகிறது, மெட்டு மட்டும் அறுபது வருடமாக அப்படியே நிற்கிறது. சின்ன வயது நினைவு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அது போதாது. தொடர் வந்த காலத்தில் பிறக்காதவர்களும்தான் முணுமுணுக்கிறார்கள். அந்த இசைக்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலைதான் அதைச் செதுக்கியது என்பது என் எண்ணம். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்காக அது எழுதப்படவில்லை. பார்க்காமல் வேறு எங்கோ இருப்பவரைக் கூப்பிட எழுதப்பட்டது.

1950களிலும் 60களிலும் ஒரு வீட்டில் ஒரு பெட்டி. நிகழ்ச்சிக்கு ஒரு நேரம். வீட்டில் பதிவு செய்யும் கருவிகள் பரவலாகக் கடைக்கு வந்ததே 1970களின் நடுவில்தான்: பீட்டாமேக்ஸ் 1975, விஎச்எஸ் 1976. அதற்கு முன்பு ஒரு பகுதியை விட்டால் விட்டதுதான், மறு ஒளிபரப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். பெட்டி கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார், ஒருவர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார், பிள்ளைகள் மாடியில் இருப்பார்கள். முதல் இரண்டு மூன்று வினாடிக்குள் ‘ஆரம்பிச்சாச்சு, வாங்க’ என்று இவர்கள் எல்லாரையும் கூப்பிட வேண்டும். பள்ளிக்கூட மணி செய்கிற வேலை. மணிக்குச் சத்தம் இருந்தால் போதும். இதற்கோ எந்த நிகழ்ச்சி என்றும் சொல்லத் தெரிய வேண்டும்.

அதற்குமேல் ஸ்பீக்கர் ஒரு தடை. அன்றைய பெட்டியில் இருந்தது சின்ன ஸ்பீக்கர். கீழ்ஸ்தாயி ஒலி அதில் சரியாக வராது, மேலே போனால் கீச்சென்றாகிவிடும். ஆக, நடுவில் கணீரென்று நிற்கிற வாத்தியங்கள்தான் பிழைக்கும்: டிரம்பெட், சைலஃபோன், புல்லாங்குழல், விசில், சுள்ளென்று மீட்டுகிற கிதார். பழைய டைட்டில் இசையில் பித்தளை வாத்தியங்கள் இவ்வளவு முழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் திரும்பத் திரும்ப வருவது. 1950களில் அமெரிக்கத் தொடர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 39 பகுதி வரை எடுப்பார்கள். அத்தனை தடவை கேட்டாலும் சலிக்கக் கூடாது. முதல் தடவையே பிடித்துவிட வேண்டும், ஐம்பதாவது தடவையும் எரிச்சல் வரக் கூடாது என்றால் பாட்டு எழுதுகிறவனுக்கு அது பெரிய சோதனை.

இந்த வேலையை நாலே சுரத்தில் முடித்த இசை ஒன்று உண்டு. ‘டிராக்நெட்’ என்ற போலீஸ் தொடர், 1949இல் வானொலியில் தொடங்கி, பிறகு தொலைக்காட்சிக்கு வந்தது. டம், ட-டம், டம். அவ்வளவுதான். கேட்டதும் யாரோ மாட்டிக்கொண்டார் என்று தெரிந்துவிடும். இன்றைக்கும் நண்பன் வசமாகச் சிக்கும்போது வாயால் இந்த நாலு சுரத்தைப் போட்டுக் காட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வால்டர் ஷூமன் எழுதியது இது. ஆனால் மிக்லோஷ் ரோஜா 1946இல் ‘தி கில்லர்ஸ்’ படத்துக்கு எழுதிய இசையில் அதே சுரங்கள் இருந்தன. வழக்கு வந்து, கடைசியில் இருவர் பெயரும் சேர்ந்தது. நாலு சுரத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்.

சொந்தக்காரர் இல்லாத இசையும் நிறையப் பயன்பட்டது. ‘தி லோன் ரேஞ்சர்’ 1933இல் டெட்ராய்ட் வானொலியில் தொடங்கியபோது குதிரைப் பாய்ச்சலுக்கு எடுத்துக்கொண்டது ரோஸினியின் ‘வில்லியம் டெல்’ ஓபராவின் முன்னிசை. 1829ஆம் ஆண்டு இசை, யாருக்கும் ராயல்டி தர வேண்டியதில்லை. 1949இல் தொலைக்காட்சிக்குப் போனபோதும் அதே குதிரை, அதே இசை. 1955இல் ஹிட்ச்காக் தன் தொலைக்காட்சித் தொடருக்கு குனோவின் ‘பொம்மையின் இறுதி ஊர்வலம்’ என்ற பழைய துண்டை வைத்தார். 1969இல் பிரிட்டனின் மாண்டி பைதான் குழு ஜான் ஃபிலிப் சூசாவின் 1893ஆம் ஆண்டு அணிவகுப்பு இசையை எடுத்துக்கொண்டது. மூன்றிலும் எழுதியவர் நினைத்த பொருள் போய், தொலைக்காட்சி தந்த பொருள் தங்கிவிட்டது. இப்போது கச்சேரி மேடையில் ரோஸினியை வாசித்தாலும் கேட்பவருக்கு முகமூடி போட்ட குதிரைக்காரன்தான் தெரிவான்.

செலவு என்ற காரணம் இன்னும் விநோதமான ஒன்றையும் பெற்றுக் கொடுத்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில், தொலைக்காட்சிப் படங்களின் வருவாயில் 5 விழுக்காடு கலைஞர்களின் நிதிக்கு வர வேண்டும் என்று கேட்டது. கேட்டதில் தப்பில்லை. ஆனால் பல தயாரிப்பாளர்கள், உள்ளூரில் வாத்தியக்காரர்களை உட்காரவைப்பதைவிட வெளிநாட்டில் பதிந்து வைத்த துண்டுகளை வாங்கிச் சேர்ப்பது மலிவு என்று போய்விட்டார்கள். பயம், சோகம், பரபரப்பு என்று உணர்ச்சிவாரியாகப் பதிந்து அடுக்கி வைத்த இசைக் கிடங்குகள் அப்படித்தான் பெருகின.

ருமேனியாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த மாரியஸ் கான்ஸ்டன்ட் அப்படி ஒரு கிடங்குக்காகச் சில சின்னத் துண்டுகள் எழுதிக் கொடுத்தார். ‘தி ட்விலைட் ஸோன்’ தொடருக்கு 1959இல் முதல் ஆண்டில் இருந்தது பெர்னார்ட் ஹெர்மனின் இசை. நல்ல இசை, மெல்ல ஊர்ந்து வருகிற இசை, ஆனால் வேறு அறையிலிருப்பவரைக் கூப்பிடாது. இரண்டாம் ஆண்டுக்கு சிபிஎஸ்ஸின் இசைப் பொறுப்பாளர் லட் கிளஸ்கின் கிடங்கிலிருந்து கான்ஸ்டன்ட்டின் இரண்டு துண்டுகளை எடுத்து ஒட்டினார். ஒன்றில் கிதார் ஒரே நாலு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும்: ஒரு சுரம், அரைப்படி மேலே, பழையபடி கீழே, அங்கிருந்து சட்டென ஒரு பள்ளம். இன்னொன்றில் பாங்கோ தட்டலும் பித்தளை வாத்தியங்களின் கத்தலும். இரண்டும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. அந்த உறவின்மைதான் தொடரின் கதைகளுக்கு அப்படியே பொருந்தியது. இயல்புக்கு மீறி ஏதாவது நடந்தால் உலகம் முழுக்க ஆட்கள் வாயால் போடுகிற அந்த ‘டிடி டிடி, டிடி டிடி’ ஓர் ஒட்டு வேலை. எழுதியவரே அதை டைட்டிலாகக் கற்பனை செய்ததில்லை.

இதற்கு நேர் எதிர், ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்த ‘பீட்டர் கன்’. 1958. ஹென்றி மான்சினிக்கு யுனிவர்சல் ஸ்டூடியோவில் வேலை போயிருந்தது. பழைய அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் இருந்த முடிதிருத்தும் கடைக்குப் போனவர், வெளியே வரும்போது பிளேக் எட்வர்ட்ஸைப் பார்க்கிறார். தனியார் துப்பறிவாளன் பற்றி ஒரு தொடர் எடுக்கிறேன், இசை அமைக்கிறீர்களா என்று எட்வர்ட்ஸ் கேட்கிறார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த இசை.

கேட்டுப் பாருங்கள். அடியில் ஒரு சின்ன வாக்கியம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் ஓடும். கிதாரும் பியானோவும் சேர்ந்து கீழ்ஸ்தாயியில் அதே சுரங்களை இடிக்கின்றன. மேலே பித்தளை வாத்தியங்கள் வந்து கூவிவிட்டுப் போகும், கீழே இருப்பவன் அசைய மாட்டான். நான் முன்பு சொன்ன ஸ்பீக்கர் பிரச்சினையை இது எப்படிக் கடந்தது என்பது அழகான விஷயம். ஒரு கனமான சுரத்தை மீட்டும்போது அதன் அடிப்படை அதிர்வோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே எழும். சின்ன ஸ்பீக்கரில் அடிப்படை விழுந்துபோகும், மேல் மடங்குகள் தப்பிக்கும். நம் மூளை அந்த மேல் மடங்குகளின் இடைவெளியை வைத்து விழுந்துபோன அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். டபுள் பேஸ் மட்டும் வாசித்திருந்தால் பெட்டிக்குள்ளேயே முனகிப் போயிருக்கும். கிதாரின் சுள்ளென்ற மீட்டலும் பியானோவின் இரும்புக் கம்பிகளும் மேல் மடங்குகளை வாரி இறைத்ததால், இல்லாத பேஸ் இருப்பதாகவே காதில் விழுந்தது.

அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1959இல் முதன்முதலாகக் கொடுத்த கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பம் இதுதான். தொலைக்காட்சிக்கு எழுதியது தொலைக்காட்சி இல்லாமலே விற்கும் என்று தொழிலுக்குப் புரிந்தது அப்போதுதான். இதில் பியானோ வாசித்த இளைஞர் பெயர் ஜான் வில்லியம்ஸ். ஆமாம், அவரேதான். சில ஆண்டு கழித்து ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ தொடருக்கு அவரே டைட்டில் இசை எழுதினார், ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு இசையமைத்தது அதற்கெல்லாம் பிறகு.

பாட்டாக, வார்த்தையோடு வந்த டைட்டில்களுக்கு வேறொரு வேலை இருந்தது: முன்கதை சொல்வது. ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ 1964இல் தொடங்கும்போது, ஏழு பேர் ஏன் தீவில் மாட்டிக்கொண்டார்கள் என்பதை வாராவாரம் எப்படி விளக்குவது என்று சிபிஎஸ்காரர்கள் கவலைப்பட்டார்கள். ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ், ஜார்ஜ் வைலோடு சேர்ந்து, மொத்தக் கதையையும் மாலுமிகளின் பாட்டு மாதிரி ஒரு நிமிடத்துக்குள் அடக்கிவிட்டார். கப்பல் புறப்பட்டது, புயல் வந்தது, இன்னார் இன்னார் இருந்தார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து கதையைச் சொல்லிவிட்டுப் போவதைப் போல. எட்டு அசை, ஆறு அசை என்று மாறி மாறி வரும் பழைய ஆங்கிலச் சந்தம் அது. அதே சந்தத்தில் அமைந்த ‘அமேசிங் கிரேஸ்’ பக்திப் பாடலின் வரிகளை இந்த மெட்டில் பாடலாம், ஒரு எழுத்து இடிக்காது.

முதல் ஆண்டில் அந்தப் பாட்டு ஐந்து பேரைச் சொல்லிவிட்டுப் பேராசிரியரையும் மேரி ஆனையும் ‘மற்றவர்களும்’ என்று ஒதுக்கிவிடும். கதாநாயகன் பாப் டென்வர் அவர்களையும் சொல்ல வேண்டும் என்று நின்றார். இரண்டாம் ஆண்டிலிருந்து இருவரும் பாட்டுக்குள் வந்தார்கள். டைட்டிலில் பெயர் இருப்பதும் இல்லாமலிருப்பதும் சின்ன விஷயமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வார்த்தை எழுதப்பட்டும் யாரும் பாடாத டைட்டில் ஒன்று இருக்கிறது. ‘ஸ்டார் ட்ரெக்’, 1966. அலெக்ஸாண்டர் கரேஜ் எழுதியது. தொடக்கத்தில் எட்டுச் சுரத்தில் ஓர் அழைப்பு, அப்புறம் வார்த்தையில்லாமல் லூலி ஜீன் நார்மன் என்ற பாடகியின் உச்சக் குரல். விண்கலம் நம்மைத் தாண்டிப் பறக்கும்போது ஒரு ‘வூஷ்’ கேட்குமே, அது மைக்கின் முன்னால் கரேஜ் வாயால் ஊதியது. இசை வெற்றி பெற்றதும் தொடரின் கர்த்தா ஜீன் ராடன்பெரி அதற்கு வரிகள் எழுதினார். பாடவைப்பதற்காக எழுதவில்லை. ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுத்தது, பாடலாசிரியர் என்று பதிந்துகொண்டால் ஒவ்வொரு ஒளிபரப்பின் ராயல்டியிலும் பாதி அவருக்கு. வரிகள் ஒருநாளும் தொடரில் ஒலிக்கவில்லை, பாதிப் பணம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. சட்டப்படி சரி. கரேஜுக்கு அது ஆறாத வருத்தம். ராடன்பெரியின் மற்ற சாதனைகளை நான் மதிக்கிறேன், இதை மட்டும் நியாயப்படுத்த முடியவில்லை.

பிரிட்டனில் 1960 டிசம்பர் 9 அன்று தொடங்கிய ‘கொரொனேஷன் ஸ்ட்ரீட்’ இன்னும் ஓடுகிறது, எரிக் ஸ்பியர் எழுதிய அதே மந்தமான பித்தளை மெட்டோடு. 1965இன் ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடருக்கு பேரி கிரே எழுதியது ஓர் அணிவகுப்பு, பொம்மைகளுக்கு அவ்வளவு மரியாதை வேறு யாரும் கொடுத்ததில்லை. 1968இன் ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ பெரிய அலை ஒன்று சுருண்டு எழும்போது முரசு உருட்டித் தொடங்கும். மார்ட்டன் ஸ்டீவன்ஸின் அந்த இசையை வென்ச்சர்ஸ் கிதார் குழு மறு ஆண்டே வாசித்து, அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்ட் பட்டியலில் நாலாம் இடம் வரை கொண்டுபோனது.

1989இல் வந்த ‘தி சிம்ப்சன்ஸ்’ பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். டேனி எல்ஃப்மனின் அந்த மெட்டு ச, க, ம, த, ப என்று தாவும்போது, நம் கர்நாடக இசைக் கணக்கில், ‘ம’ பிரதி மத்யமம். மேலே போகும்போது வருவது கைசிகி நிஷாதம். சுரங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் வாசஸ்பதி மேளம். அவர் ராகமாக நினைத்து எழுதவில்லை, மேற்கில் அதற்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஒரு தடவை இது காதில் பட்டுவிட்டால் அப்புறம் அந்தக் கார்ட்டூன் தொடங்கும்போதெல்லாம் உள்ளே ஒரு தம்புரா ஓடும்.

1970களிலும் 80களிலும் டைட்டில் இசை நேராகப் பாப் பட்டியலுக்குள் நுழைந்தது. மைக் போஸ்ட்டும் பீட் கார்ப்பெண்டரும் ‘தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்’ தொடருக்காக மினிமூக் சிந்தசைஸரையும் மவுத் ஆர்கனையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ 1981இல் வந்தபோது, குற்றமும் கூச்சலும் நிறைந்த தொடருக்கு போஸ்ட் கொடுத்தது அமைதியான ஒரு பியானோ மெட்டு. எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் அது ஒன்று. 1985இல் யான் ஹாமரின் ‘மயாமி வைஸ்’ டைட்டில், பாடகரே இல்லாமல், பில்போர்ட்டில் முதலிடம்.

அந்த உயரத்திலிருந்து சரிவு வேகமாக நடந்தது. ரிமோட் கைக்கு வந்ததும், ஒரு நிமிட இசை என்பது பார்ப்பவர் வேறு சேனலுக்குத் தாவக் கிடைத்த ஒரு நிமிடமாக ஆனது. விளம்பர நேரமும் வளர்ந்தது. 1960களில் ஒரு மணி நேரத் தொடர் என்றால் கதைக்கு ஐம்பது நிமிடம் இருந்தது, 2000களில் நாற்பத்திரண்டு மூன்று. குறைக்க எளிதான இடம் டைட்டில்தான். 1990களில் பல தொடர்களின் டைட்டில் சில வினாடியாகச் சுருங்கியது. அந்தச் சுருங்கிய இடத்திலும் நல்ல வேலை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஜோனத்தன் வுல்ஃப் ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் நாயகனின் மேடை நகைச்சுவைப் பேச்சு வேகத்துக்கேற்ப ஒவ்வொரு பகுதிக்கும் இசையை நீட்டியும் குறைத்தும் கொடுத்தார். 1993இன் ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ இசைக்காக மார்க் ஸ்னோ தவித்துக்கொண்டிருந்தபோது எதிரொலி பொத்தான் இயங்கியிருக்க, அவர் முழங்கை கீபோர்டில் பட்டது. அதிலிருந்து எழுந்த ஒலிதான் அடித்தளம், மேலே ஒரு விசில்.

கூப்பிடுகிற வேலையே இப்போது இல்லை. தொடர் நமக்காகக் காத்திருக்கிறது, நாம் அதற்காக ஓடுவதில்லை. அறிமுகத்தைத் தாண்டும் பொத்தானை நெட்ஃபிளிக்ஸ் 2017இல் கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு 13.6 கோடி தடவை அது அழுத்தப்படுவதாக 2022இல் அந்த நிறுவனமே சொன்னது.

இத்தனைக்கும் நடுவில் உன் ஒரே தேர்வு எது என்று யாராவது கேட்டால் யோசிக்க மாட்டேன்: ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர். 1963.

பிபிசியில் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்று ஒரு பிரிவு 1958இல் லண்டன் மெய்டா வேல் ஸ்டூடியோவில் தொடங்கியது. வானொலி நாடகங்களுக்கு விநோத ஒலி தயாரிப்பது அதன் வேலை. அங்கே வேலை பார்த்தவர் டீலியா டெர்பிஷைர். காவெண்ட்ரியில் 1937இல் பிறந்தவர், போர்க்காலக் குண்டுவீச்சின்போது கேட்ட அபாயச் சங்குதான் தனக்கு மின்னொலி இசையின் முதல் பாடம் என்று சொன்னவர், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் அவரிடம் கொடுத்தது ஒரே ஒரு தாள். கொஞ்சம் சுரக்குறிப்பு, அங்கங்கே காற்று, குமிழி, மேகம் என்பது போன்ற சொற்கள்.

அப்போது கடையில் வாங்கக்கூடிய சிந்தசைஸர் கிடையாது. பல தடத்தில் பதியும் கருவியும் அவர்களிடம் இல்லை. இருந்தவை: இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த ஆசிலேட்டர்கள் (சீரான மின்னொலி எழுப்பும் பெட்டிகள்), இரைச்சல் எழுப்பும் ஒரு கருவி, காந்த நாடா, பிளேடு, ஒட்டும் டேப்.

கம்பியை ஒரு தடவை மீட்டிப் பதிவார்கள். நாடாவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும், பாதி வேகத்தில் ஒரு ஸ்தாயி கீழே. இடையிலுள்ள ஒவ்வொரு அரைப்படிக்கும் வேகத்தை ஏறக்குறைய ஆறு விழுக்காடு கூட்ட வேண்டும். இப்படி வேண்டிய சுரம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்துகொள்வார்கள். அப்புறம் அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டுமோ அவ்வளவு நீளத்துக்கு நாடாவை வெட்டுவார்கள். நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுவதாக வைத்துக்கொண்டால் அரை நொடிச் சுரம் ஏழரை அங்குலம், கால் நொடிச் சுரம் மூன்றே முக்கால். அளந்து, வெட்டி, அடுத்த சுரத்தோடு ஒட்டி, அதற்கடுத்ததை ஒட்டி. பூத்தொடுக்கிற மாதிரி, ஆனால் ஒரு பூ கொஞ்சம் தள்ளினாலும் தாளம் நொண்டும். அந்த அடித்தளத்தில் குதிரை ஓட்டம் போல ஒன்று கேட்கிறதே, அதன் ஒவ்வோர் அடியும் இப்படிக் கையால் வெட்டியது. மேலே வழுக்கிக்கொண்டு போகும் அந்த ஊளை, ஆசிலேட்டரின் குமிழைக் கையால் திருகித் திருகி எழுப்பியது. மூச்சு விடுவது போன்ற சீறல், வெறும் இரைச்சலை வடிகட்டி எடுத்தது.

தளம் ஒரு நாடா, மெட்டு ஒரு நாடா, சீறலும் குமிழியும் ஒரு நாடா. மூன்றையும் மூன்று கருவியில் மாட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒரே கணத்தில் ஓடவிட்டு, நாலாவதில் பதிய வேண்டும். ஒரு தடவை எங்கோ ஒரு சுரம் தள்ளிப்போய், மூன்றும் சேரவே மாட்டேன் என்கிறது. டெர்பிஷைரும் உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களைச் சுருளிலிருந்து உருவி, ஸ்டூடியோவின் நீண்ட நடைவழியில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து, ஒட்டு ஒட்டாக ஒப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். இரண்டு நாடாவில் நேராக வரும் ஒட்டு மூன்றாவதில் தள்ளி இருந்த இடத்தில் தப்பு கிடைத்தது. ஓர் இசைப் பிழையைக் காதால் அல்லாமல் கண்ணால், தரையில் தேடிக் கண்டுபிடித்தார்கள். இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

திரும்பி வந்து கேட்ட கிரெய்னர், நான் எழுதியதா இது என்று கேட்டாராம். பெரும்பகுதி நீங்கள் எழுதியதுதான் என்றாராம் டெர்பிஷைர். இசையமைப்பில் அவருக்கும் பெயரும், ராயல்டியில் பங்கும் தர வேண்டும் என்று கிரெய்னர் கேட்டார். ஊழியர்களின் பெயர் தனியாக வராது, பிரிவின் பெயர்தான் வரும் என்பது பிபிசியின் வழக்கம். பங்கும் கிடையாது.

1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை, கென்னடி சுடப்பட்ட மறுநாள், முதல் பகுதி ஒளிபரப்பானது. கேமராவை அதன் படம் தெரிகிற திரைக்கே திருப்பி வைத்து எடுத்த, உருகி வழிகிற வெளிச்சம். அதன்மேல் இந்த இசை. டிரம்பெட் இல்லை, வயலின் இல்லை, எந்த வாத்தியம் என்று சொல்ல எதுவுமே இல்லை. அடுத்த அறையிலிருந்த பிள்ளைகள் அன்றைக்கு ஓடி வந்திருப்பார்கள். சிலர் வந்த வேகத்தில் சோஃபாவுக்குப் பின்னாலும் போயிருப்பார்கள்.

பத்தாண்டு கழித்து, 1973இல் டெர்பிஷைர் பிபிசியை விட்டுப் போனார். அவர் செய்த பதிவு, சின்னச் சின்ன மாற்றங்களோடு, 1980இல் பீட்டர் ஹவல் சிந்தசைஸரில் புதிதாகச் செய்யும்வரை ஓடியது. 2001இல் டெர்பிஷைர் இறந்தபோது வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டிகளுக்குள் 267 நாடாக்கள் இருந்தன. 2013 நவம்பர் 23 அன்று, தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதி முடிந்து பெயர்கள் ஓடியபோது, டைட்டில் இசைக்கான வரியில் ரான் கிரெய்னரோடு டீலியா டெர்பிஷைர் என்ற பெயரும் முதன்முறையாகத் திரையில் வந்தது.